மேலே போகுமா, கீழே போகுமா?

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ் கிளம்புகிற நேரம். படியில் ஒரு காலை வைத்தபடி கண்டக்டரிடம் கேட்கும் குரல் ஒன்று எப்படியும் இருக்கும். “ஏனுங்கண்ணா, கிணத்துக்கடவு உள்ள போகுமாங்க, பாலத்து மேலயே போயிருமாங்க?”

வெளியூர்க்காரருக்கு இந்தக் கேள்வி புரியாது. கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் நட்ட நடுவில், இரண்டு பக்கமும் இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிற ஊர் அது. தாலுகா தலைமையிடம். சட்டமன்றத் தொகுதிக்கும் அதே பெயர். அதற்குள் போகாமல் பஸ் வேறெங்கே போகும்? ஆனால் நான்கு வழிச்சாலை வந்தபிறகு கிணத்துக்கடவுக்கு இரண்டு சாலைகள் ஆகிவிட்டன. ஒன்று தலைக்கு மேல், ஒன்று காலடியில். மேலே ஏறிவிட்ட பஸ் மொட்டை மாடிகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் பார்த்தபடி ஊரைத் தாண்டிவிடும். கீழே காத்திருப்பவர் தன் பஸ் தலைக்கு மேல் போகிற சத்தத்தை மட்டும் கேட்பார். ஊருக்குள் வராத பஸ்களைப் பற்றிய புகார் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு சாலை போடும்போது யாரைக் கேட்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், எப்போது கேட்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒற்றைக் கேள்வி போதும்.

கிணத்துக்கடவு ரோட்டால் வளர்ந்த ஊர். பொன்மலை வேலாயுதசாமி கோயில் குன்றின் அடிவாரத்தில், கோவையிலிருந்து தெற்கே போகிற பாதையை ஒட்டிக் கடைகள் நீண்டன. தக்காளி விளையும் காடுகள் சுற்றிலும் இருக்க, காய்கறிச் சந்தைக்குக் கேரள வியாபாரிகள் லாரியோடு வந்தார்கள். திண்டுக்கல்லையும் பெங்களூரையும் கோவை வழியாக இணைத்த அந்தக் காலத்துத் தேசிய நெடுஞ்சாலை 209 இதுதான். இப்போது எண் மாறி 83 ஆகிவிட்டது. பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர் என்று ஓடி நாகப்பட்டினத்தில் கடலைத் தொடுகிறது. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கும், வால்பாறை போகிற சுற்றுலாக்காரர்களுக்கும், தேங்காய் லோடு லாரிகளுக்கும் இது ஒன்றே வழி. இரண்டு பக்கமும் மரங்கள் நின்ற பழைய ரோட்டில் எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி, ஒதுங்கி ஓட்டியவர்கள் நான்கு வழிச்சாலை வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 2010-களின் பிற்பாதியில் ஈச்சனாரியிலிருந்து பொள்ளாச்சி வரை சுமார் 27 கிலோமீட்டருக்கு அது வந்தது. கிணத்துக்கடவுக்கு மேலே பாலமும் வந்தது.

சாலை நன்றாக இருக்கிறது என்பதை யாரும் மறுப்பதில்லை. பிரச்சினை சாலையில் போகிறவர்களுக்கு இல்லை. குறுக்கே போகிறவர்களுக்கும், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும்தான்.

ஒரு நெடுஞ்சாலை சின்ன ஊரைச் சந்திக்கிற இடத்தில் பொறியாளர் கையில் இருப்பவை மூன்றே வழிகள். ஊரைச் சுற்றிப் போகலாம், அது பைபாஸ். ஊரை நடுவில் அகலப்படுத்திக்கொண்டு போகலாம். இல்லையென்றால் ஊருக்கு மேலே தாவிப் போகலாம். மூன்றிலும் யாரோ ஒருவர் வயிற்றில் அடி விழும். பைபாஸ் என்றால் தோட்டம் போகும், கிணறு போகும், ஒருவருடைய காடு இரண்டு துண்டாகும்; கடைவீதிக்கு வாடிக்கை குறையும். அகலப்படுத்தினால் தோட்டம் தப்பும், கடைகளின் முன்பாதி இடிபடும். மேம்பாலம் என்றால் கடையும் தப்பும், தோட்டமும் தப்பும். ஆனால் டீ குடிக்க நிற்கிற வண்டி மேலே போய்விடும். ஆக, ‘பொதுமக்கள் கருத்து’ என்று ஒற்றைச் சொல்லாகச் சொன்னாலும் அது ஒரே கருத்தாக இருப்பதில்லை. கடைக்காரர் வேண்டாம் என்பதைத் தோட்டக்காரர் வேண்டும் என்பார். இருவரையும் விட்டுவிட்டு, தினமும் இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போகிற பெண் வேறொன்று சொல்வாள். அவளை யாரும் கேட்பதேயில்லை.

மேம்பாலத்திலும் இரண்டு வகை இருப்பது சாலை வந்தபிறகுதான் பல ஊர்களுக்குத் தெரியவருகிறது. தூண்கள் மேல் நிற்கிற பாலம் ஒன்று. இருபுறமும் சிமெண்ட் பலகைச் சுவர் எழுப்பி, நடுவில் மண்ணைக் கொட்டி நிரப்பி, அதன்மேல் ரோடு போடுவது இன்னொன்று. மண் போடுவது மலிவு. தூண் பாலத்துக்குக் கீழே ஊர் ஊராகவே இருக்கும். நடக்கலாம், வண்டி நிறுத்தலாம், மழைத் தண்ணீர் தாண்டிப் போகும். மண்மேடு என்றால் ஊருக்கு நடுவே ஒரு கோட்டைச் சுவர். விட்ட வாசல் வழியாக மட்டுமே எதிர்ப்பக்கம் போகமுடியும். வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். பாலக்காட்டைத் தாண்டி அதிக தூரம் இல்லாத மலப்புரம் மாவட்டத்தில், கூரியாடு என்ற இடத்தில், 2025 மே 19 அன்று தேசிய நெடுஞ்சாலை 66-க்காகப் போட்ட மண்மேடு சரிந்து விழுந்தது. வயல்வெளியில் மண் நிற்காது என்று முன்பே சொன்னோம் என்றார்கள் ஊர்க்காரர்கள். பிறகு அங்கே தூண் பாலம் கட்டுவது என்று முடிவாயிற்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம்.

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி. அதில் 3ஏ என்ற பிரிவின்கீழ் மத்திய அரசு அரசிதழில் அறிவிப்பு வெளியிடும். அதன் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் போட வேண்டும். ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். அந்த விளம்பரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது யாரையும் பேச அழைக்கும் முகத்தோடு வருவதில்லை. பக்கத்தை மேலிருந்து கீழ்வரை நிரப்பும் அட்டவணை. சர்வே எண், உட்பிரிவு, நன்செயா புன்செயா, தனியாருடையதா அரசுடையதா, எத்தனை சதுர மீட்டர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, விரலை வைத்துத் தன் சர்வே எண்ணைத் தேடுகிற பெரியவருக்கு ரோடு எந்தப் பக்கமாக வருகிறது என்பது அதிலிருந்து விளங்காது. தன் நிலத்தில் எவ்வளவு போகிறது என்பது மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து 21 நாள். 3சி பிரிவின்படி, அந்த நிலத்தில் ‘உரிமையோ சம்பந்தமோ உள்ள’ எவரும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். நிலமெடுப்பு அதிகாரி நேரிலோ வக்கீல் மூலமோ அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். ஏற்பதும் தள்ளுவதும் அவர் கையில். அவர் போடுகிற உத்தரவே இறுதி. அடுத்து 3டி பிரிவில் அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசுடைமை. அதற்குப் பிறகு பேச்சு விலையைப் பற்றி மட்டும்தான். அதில் 2015 முதல் நிலைமை தேவலாம். 2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தின் கணக்கு இங்கேயும் பொருந்தும் என்றாகி, சந்தை மதிப்புக்குச் சமமான தொகை ஆறுதல் தொகையாகவும் சேர்கிறது. ஆனால் அதே 2013 சட்டத்தில் இருக்கிற சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது இந்தத் திட்டத்தால் ஊருக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்டறிகிற ஏற்பாடு, தேசிய நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது. காசுக்கணக்கு வந்தது, காது வரவில்லை.

‘சம்பந்தம் உள்ளவர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நிலத்தோடு சம்பந்தம். பட்டாக்காரருக்கு அது உண்டு. ரோட்டைத் தாண்டிப் பால் சொசைட்டிக்குப் போகிறவருக்கு, பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு, எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறவருக்குச் சட்டத்தின் கண்ணில் அந்தச் சாலையோடு சம்பந்தமே இல்லை.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதற்கு நல்ல நடைமுறையே வகுத்திருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும், 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்கும், கலெக்டர் தலைமை வகிப்பார், நடப்பது முழுக்க வீடியோவில் பதிவாகும். நிலம் இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். திட்டத்தால் பாதிக்கப்படுகிறவர் எவரும் பேசலாம். ஆனால் இருக்கிற நெடுஞ்சாலையை விரிவாக்கும்போது இந்த அனுமதி எப்போது தேவை? முதலில் 30 கிலோமீட்டருக்கு மேல், கூடுதல் அகலம் 20 மீட்டருக்கு மேல் என்று இருந்தது. 2013 ஆகஸ்டில் அதைத் திருத்தினார்கள். நீளம் 100 கிலோமீட்டருக்கு மேல். அகலம் பழைய பாதையிலேயே என்றால் 40 மீட்டர், பைபாஸாகவோ மாற்றுப் பாதையாகவோ போனால் 60 மீட்டர். ஈச்சனாரி–பொள்ளாச்சி 27 கிலோமீட்டர்தான். பழைய அளவிலும் வராது, புதிய அளவிலும் வராது. கோவை மாவட்டத்துக்குள்ளேயே முடிகிற விரிவாக்கம் எதுவும் நூறு கிலோமீட்டரைத் தொடுவது கடினம். ஆக, கிணத்துக்கடவு மாதிரி ஊர்களில் மேடை போட்டு, மைக் வைத்து, ‘உங்கள் ஊருக்குள் ரோடு எப்படிப் போகலாம்?’ என்று கேட்கும் கட்டாயம் எந்தச் சட்டத்திலும் யாருக்கும் இல்லை.

சரி, யாரையும் கேட்காமலா திட்டம் போடுகிறார்கள்? அப்படியும் இல்லை. வண்டிகளைக் கேட்கிறார்கள்.

நெடுஞ்சாலைக்கு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனம் ரோட்டோரம் ஆட்களை உட்கார வைத்து ஏழு நாள், 24 மணி நேரமும், போகிற வருகிற வண்டியை எண்ணும். லாரியை நிறுத்தி எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்பதும் உண்டு. எண்ணியதை அப்படியே கூட்டுவதில்லை. எல்லாவற்றையும் ‘கார்’ என்ற அளவுக்கு மாற்றுவார்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, ஒரு கார் என்றால் 1. பைக் 0.5. சைக்கிளும் 0.5. லாரி, பஸ் 3. ட்ரெய்லர் மாட்டிய டிராக்டர் 4.5. மெதுவாகப் போய் வழியை அடைப்பதால் மாட்டு வண்டிக்கு 8. கைவண்டிக்குக்கூட 3 உண்டு. அறுபது பேரை ஏற்றிய பஸ்ஸும் மூன்றுதான், காலி லாரியும் மூன்றுதான். இவ்வளவு நுணுக்கமான அட்டவணையில் நடந்து போகிற மனிதருக்கு எண் கிடையாது. ரோட்டின் நெடுக இடத்தை அடைக்கிறவர்களைக் கணக்கிடத்தான் அந்த அட்டவணை. குறுக்கே தாண்டுகிறவர் அதில் வரமாட்டார். பாதசாரிகளைத் தனியாக எண்ணச் சொல்லி வழிகாட்டுதல்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் எத்தனை வழிச்சாலை என்பதை முடிவு செய்கிற கூட்டல் மேற்சொன்ன கூட்டல்தான். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

எண்ண வருகிறவர்கள் ஏழு நாளில் பார்க்க முடியாதது ஊரில் நிறைய உண்டு. கொங்குப் பகுதியில் ‘பிரிவு’ என்ற சொல்லைக் கவனித்திருப்பீர்கள். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே ஊருக்குக் கிளைபிரிகிற இடம் பிரிவு. அந்த ஊர்ப் பெயரோடு சேர்ந்து அதுவே பஸ் ஸ்டாப்பின் பெயராகிவிடும். கிணத்துக்கடவுக்கு முன்னும் பின்னும் இப்படிப் பல. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, நிழலுக்கு முன்பு ஒரு மரம். நான்கு வழிச்சாலை வரும்போது நடுவில் தடுப்பு வருகிறது. எந்தப் பிரிவுக்கு எதிரே இடைவெளி விடுவது என்பது வரைபடத்தில் ஒரு கோட்டின் விடுதல். தரையில் அது ஒரு தலைமுறையின் பழக்கம். எதிரே இடைவெளி இல்லை, அடுத்தது ஒரு கிலோமீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேனில் பால் வைத்துக்கொண்டு வருகிறவர் முறையாகப் போனால் போய்த் திரும்ப இரண்டு கிலோமீட்டர் கூடுதல். காலையும் மாலையுமாக நான்கு. பெட்ரோல் விலையில் அவர் அதைச் செய்யமாட்டார். ஓரமாக ராங் சைடில் நூறு மீட்டர் வந்து நுழைந்துவிடுவார். ஒருநாள் விபத்து. ‘விதியை மீறினார்’ என்று வழக்கு பதிவாகும். இடைவெளியை எங்கே விடலாம் என்று வரைவதற்கு முன் அவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

பஸ் விஷயமும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டப்படி பஸ்ஸுக்குத் தருகிற பெர்மிட்டில் வழித்தடமும் நிறுத்தங்களும் இருக்கும். அந்த இலாகா போக்குவரத்துத் துறை. பாலம் கட்டியது நெடுஞ்சாலைத் துறை. பாலத்தடி விளக்கும் சாக்கடையும் என்று வந்தால் பேரூராட்சியின் பெயர் அடிபடும். வேகமாகப் போகவேண்டிய டிரைவர் எதிரே ஏற்றம் தெரிந்தால் ஏறத்தான் செய்வார். புகார் கொடுக்கப் போகிறவர் எந்த வாசலில் நிற்பது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பாலத்துக்குப் படம் வரையும்போதே பஸ் எங்கே நிற்கும் என்ற கேள்வியோடு மூன்று அலுவலகத்தாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தால், கண்டக்டரிடம் யாரும் கெஞ்ச வேண்டியிருக்காது.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கொங்கு மண்ணிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. ரோடு அல்ல, எரிவாயுக் குழாய். கொச்சியிலிருந்து பெங்களூருக்குக் கெயில் நிறுவனம் கொண்டுபோக நினைத்த குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டத்து விளைநிலங்கள் வழியாகப் போவதாக இருந்தது. 2013 மார்ச் 6, 7, 8 தேதிகளில் கோவையில் விவசாயிகளிடம் அரசு கருத்துக் கேட்டது. சர்வே எண்ணோடு, பத்திரத்தோடு, தென்னை மரக் கணக்கோடு வந்தார்கள். மார்ச் 25 அன்று முதல்வர் ஜெயலலிதா சட்டமன்றத்தில் அறிவித்தார்: குழாய் விளைநிலத்தில் வேண்டாம், தேசிய நெடுஞ்சாலை ஓரமாகப் போகட்டும். பிறகு வழக்கு நீண்டது. உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவை ரத்து செய்தது, 2016 பிப்ரவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கமே தீர்ப்பளித்தது. கேட்ட மாநில அரசுக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ள மத்திய அரசு கேட்கவில்லை என்பதுதான் அந்தக் கதையின் முடிச்சு. ஆனாலும் அந்த மூன்று நாள் இந்தப் பகுதி விவசாயிகளுக்கு ஒன்றைப் பழக்கிவிட்டது. எதிர்ப்பு என்றால் கோஷம் போடுவது மட்டுமல்ல. மாற்று வழியையும் கையில் வைத்துக்கொண்டு பேசுவது.

சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை ஊரறிந்த கதை. 277 கிலோமீட்டர். நிலமெடுப்பு அறிவிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்புகள் செல்லும் என்றது. 3ஏ அறிவிப்பு வெளியிடுவதற்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்க வேண்டியதில்லை என்றும் விளக்கியது. அதாவது எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்து, சர்வே எண்களை அச்சடித்த பிறகு மக்களைக் கேட்டால் போதும். கல்யாணப் பத்திரிகை அடித்து முடித்துவிட்டு, மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று பெண்ணைக் கேட்பது போல.

இந்த ‘எப்போது’ என்ற கேள்வியில் அமெரிக்கர்கள் நமக்கு முன்பே சூடுபட்டவர்கள். 1950-இல் அவர்களுடைய கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம், ஒரு சாலை ஊரைச் சுற்றிப் போனாலும் சரி, ஊருக்குள் போனாலும் சரி, பொதுமக்களைக் கேட்டாக வேண்டும் என்று விதித்தது. கிணத்துக்கடவின் கேள்வி அப்படியே. ஆனால் எல்லாம் வரைந்து முடித்துவிட்டு, படத்தைச் சுவரில் மாட்டி, ஒரே ஒரு கூட்டம் போட்டுக் கணக்கை முடித்தார்கள். மக்கள் சும்மா இருக்கவில்லை. 1959-இல் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றம் திட்டமிட்ட பத்து விரைவுச்சாலைகளில் ஏழு வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. கடற்கரையை மறைத்துக்கொண்டு எழுந்த ஒரு அடுக்குப் பாலம் 1989 நிலநடுக்கத்தில் சேதமாக, அதைப் பழுதுபார்க்காமல் இடித்தே விட்டார்கள். இந்த ரகளைகளுக்கு நடுவில், 1969-இல் இரட்டைக் கூட்ட விதி வந்தது. முதல் கூட்டம், எந்த வழியாகப் போவது என்று முடிவாகும் முன். இரண்டாவது, வழி முடிவான பிறகு, எப்படிக் கட்டுவது என்று. முதலாவதில் தோட்டக்காரருக்கும் கடைக்காரருக்கும் வேலை. இரண்டாவதில் பால்காரருக்கும் பஸ் பயணிக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், நிலம் போகிறவருடைய அழுகைக்கு முன்னால் இடைவெளி எங்கே வேண்டும் என்று கேட்பவர் வாயைத் திறக்கவே கூசுவார்.

மக்களைக் கேட்டால் வேலை நடக்காது, ஆளுக்கு ஒன்று சொல்வார்கள் என்று பொறியாளர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லோரும் தங்கள் வீட்டுக்கு எதிரே இடைவெளி கேட்டால் அது நெடுஞ்சாலை ஆகாது, சல்லடை. தடுப்பில் திறக்கிற ஒவ்வொரு வாயும் ஒரு விபத்துப் புள்ளி. கேட்பது என்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று அர்த்தமில்லை. எதை ஏன் கொடுக்க முடியாது என்று எழுத்தில் பதில் சொல்வதும் கேட்பதில் சேர்த்திதான். நம் ஊரில் அந்தப் பதில்தான் கிடைப்பதில்லை. மனு போகும், ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வரும், அத்தோடு சரி.

மனு எழுதுகிறவர்களும் ஒன்று கவனிக்கலாம். ‘பொதுமக்கள் பெரிதும் அவதிப்படுகிறார்கள், ஆவன செய்யவும்’ என்று முடிகிற தாளை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் ஒன்றும் செய்யமுடியாது. அவருடைய மொழியில் எழுதினால் கதை மாறும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் ‘விபத்துக் கரும்புள்ளி’ என்பதற்குத் திட்டமான அளவு இருக்கிறது: சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள். அந்த இடம் கரும்புள்ளி ஆகிவிட்டால் அதைச் சரிசெய்வதற்கென்று தனி நடைமுறை உண்டு. எந்தக் கிலோமீட்டர் கல்லிலிருந்து எந்தக் கல் வரை, எந்தெந்தத் தேதியில் விபத்து, காவல் நிலைய வழக்கு எண் என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அதைத் தள்ளிவைக்கக் கை கொஞ்சம் தயங்கும். திட்ட அறிக்கையில் தங்கள் ஊருக்கு எத்தனை கடவுகள், எங்கெங்கே நிறுத்தம் என்று பார்க்க வேண்டுமானால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம்; 30 நாளில் பதில் தரவேண்டும். கிராமமாக இருந்தால் கிராம சபைத் தீர்மானம் ஒரு நல்ல துருப்புச்சீட்டு. தமிழ்நாட்டில் இப்போது வழக்கமாக ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. நான்காக இருந்ததோடு மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்துகொண்டன. கிணத்துக்கடவு பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. ஆனால் நான்கு வழிச்சாலையின் பிரிவுகளில் இறங்குகிறவர்களில் பலர் சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள், அவர்களுக்கு உண்டு.

மரத்துக்குக்கூட இப்போது ஒரு குழு இருக்கிறது. பொது இடத்து மரத்தை வெட்டலாமா என்று பார்க்கக் கலெக்டர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு 2021-இல் வந்தது. பொள்ளாச்சி ரோட்டின் பழைய மரங்களுக்கு அது காலம் கடந்த கருணை. ஆனாலும் வெட்டுவதற்கு முன் நான்கு பேர் கூடிப் பேச வேண்டும் என்று விதி எழுதமுடிந்த மாவட்டத்தில், பாலம் எங்கே இறங்க வேண்டும் என்பதற்கும் அதே மாதிரி ஒரு விதி எழுதுவது பெரிய காரியமில்லை.

கோவையைச் சுற்றி இதற்கான வேளையும் வந்துகொண்டே இருக்கிறது. மதுக்கரைப் பக்கம் மைல்கல்லில் தொடங்கி நரசிம்மநாயக்கன்பாளையம் வரை மூன்று கட்டங்களாகத் திட்டமிட்ட 32.43 கிலோமீட்டர் மேற்குப் புறவழிச்சாலையில், மாதம்பட்டி வரையிலான முதல் கட்டத்துக்கு 2023-இல் வேலை தொடங்கியது. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை, ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் பக்கம் போகிற நெடுஞ்சாலையும் நான்கு வழியாகியிருக்கிறது. வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊரிலும் ஒரு பிரிவு, ஒரு டீக்கடை, எதிர்ப்பக்கம் போகவேண்டிய ஒரு பால் கேன்.

பொழுது சாயும் நேரத்தில் கிணத்துக்கடவில் பாலத்துக்குக் கீழே நின்று பார்த்தால், ஊர் தன் வசதிக்கு ஒரு ஏற்பாட்டைத் தானே செய்துகொண்டிருப்பது தெரியும். ஆட்டோக்காரர்கள் நிழல் விழும் தூண்களாகப் பார்த்து இடம் பிடித்திருப்பார்கள். தள்ளுவண்டிக்காரர் பஸ் திரும்புகிற மூலையைக் கணக்குப் பண்ணி வண்டியைச் சாய்த்திருப்பார். உள்ளே வருகிற பஸ்கள் எவை, மேலே போகிறவை எவை என்பது அவருக்கு மனப்பாடம். கட்டைப்பையோடு ஓடிவருகிற அம்மாவிடம், ஒலியை வைத்தே சொல்லிவிடுவார்: “அது மேல போறதுங்கக்கா. உள்ள வர்றது பின்னால வருது, நில்லுங்க.”